எண்பத்து மூன்று பவுண்டு களைப்பு

துலியோ மாத்தெயோவின் களைப்பு பதினோரு மாதம் கட்டிலுக்கு அடியில், அவன் மனைவி நூரிஸ் படுக்கும் பக்கத்தில், இரண்டு அரிசிச் சாக்குகளில் கிடந்தது. அதன் எடை எண்பத்து மூன்று பவுண்டு. இது யாரும் குத்துமதிப்பாகச் சொன்னதல்ல. பழைய இரும்பு வாங்குகிறவன் தன் தராசில் ஏற்றி, அசுவா நகரத்தின் எல் தமரிந்தோ பேட்டையில் பாதிப்பேர் சுற்றி நின்று பார்க்க, நிறுத்துச் சொன்ன எடை. இருபத்து மூன்று வருடக் களைப்புக்கு இது குறைச்சல் என்று அங்கேயே சிலர் முணுமுணுத்தார்கள். எங்கள் பேட்டையில் எதைக் கொண்டுவந்து வைத்தாலும் குறைச்சல் என்று சொல்ல நாலு பேர் இருப்பார்கள்.

துலியோ நெடுஞ்சாலை முக்கில் இருக்கிற மோட்டார் சைக்கிள் ஸ்டாண்டில் பதினான்காம் எண் மஞ்சள் மேல்சட்டைக்காரன். பின்சீட்டில் ஆள் ஏற்றிப் போவது அவன் பிழைப்பு. பள்ளிக்கூட டீச்சர்களையும், கேஸ் சிலிண்டர்களையும், ஆடுகளையும், ஒரு தடவை கல்யாண உடுப்போடு ஒரு மணப்பெண்ணையும் ஏற்றிப் போயிருக்கிறான். நூரிஸ் வீட்டு முன்னறையில் பெண்களுக்குத் தலை அலங்காரம் செய்கிறவள். வண்டியை ராத்திரி வெளியே விட்டால் காலையில் அது வேறொருவருடைய வண்டியாகியிருக்கும் என்பதால், எல்லார் வீட்டையும் போல அவர்கள் வீட்டிலும் வண்டி முன்னறையில்தான் உறங்கும். காலை ஆறு மணிக்கு வண்டி வெளியேறும், நாற்காலிகளும் முடி உலர்த்தும் தொப்பியும் உள்ளே வரும். மாலை ஏழு மணிக்கு நாற்காலிகள் ஓரம் போகும், வண்டி வரும். அந்த அறையில் தலைக்குப் பூசும் கிரீம் வாசமும் என்ஜின் எண்ணெய் வாசமும் ஒன்றாகக் கலந்து, எது எது என்று தெரியாமல் இருக்கும். சனிக்கிழமைகளில் நூரிஸ் பதினோரு தலை முடிப்பாள். வலி என்றால் அவளுக்குக் கால்வலிதான்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. வண்டிக்கு யார் எந்தப் புதுச் சாமான் போட்டாலும், கழற்றிய பழைய சாமானை எறிய மாட்டார்கள். நாளைக்கு வண்டியை விற்கப் போனால் வாங்குகிறவன் முதலில் கேட்பது, "இதோட ஒரிஜினல் சாமான் எங்க?" என்பதுதான். அது இல்லாத வண்டிக்குப் பாதி விலை சொல்வான். கொல்லையில் வைத்தால் கால் முளைத்துப் போய்விடும். ஆகவே எல்லாரும் கட்டிலடியில்தான் வைப்பார்கள். துலியோ படுக்கும் பக்கத்தில், தண்ணீர் வராத நாளுக்கென்று நிரப்பிய ஐந்து கேன்கள் இருந்தன. நூரிஸ் படுக்கும் பக்கம் காலியாக இருந்தது. வேறு ஒரு காரணமும் இல்லை. அவன் ஒரு கணம் யோசித்திருந்தால் கேன்களை நகர்த்தியிருக்கலாம். இத்தனைக்கும் காரணம் ஐந்து தண்ணீர் கேன்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சல் வருகிறது.

எல்லாம் தொடங்கியது ஒரு டிசம்பரில். நியூயார்க்கில் இருக்கும் அவன் சித்தப்பா மகன் வருடாவருடம் அனுப்பும் நீலப் பீப்பாயில் அரிசி, சோப்பு, பழைய சட்டைகளோடு அந்தத் தடவை பளபளவென்று ஒரு ஹேண்டில்பாரும் வந்தது. துலியோவுக்கு ஐம்பத்தொரு வயது. அந்த வயதில் ஜோடனை ஆசை வந்ததற்குக் காரணம் கர்வம் அல்ல. ஸ்டாண்டில் இளவட்டங்கள் வண்டிக்கு ஊதா விளக்கும் அகலச் சக்கரமும் போட்டு நிறுத்தியிருந்தார்கள். ஆட்கள் அவனைத் தாண்டிப் போய் அவர்கள் பின்னால் ஏறினார்கள். கேஸ் சிலிண்டர்கள் மட்டும்தான் பாகுபாடு பார்க்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்னறையில் பழைய துணி விரித்து, பழைய ஹேண்டில்பாரைக் கழற்றிச் சாக்கில் போட்டு, புதியதை மாட்டினான். திங்கட்கிழமை மாலை வீட்டுக்கு வந்தபோது அவன் மணிக்கட்டுகள் வலிக்கவில்லை. இருபது வருடமாக நூரிஸ் அவன் வலது கைக்குத் தைலம் தேய்த்துவிடுவாள். அன்று அவன் வேண்டாம் என்றான். செவ்வாய்க்கிழமை நூரிஸ் கையிலிருந்து சீப்பு மூன்று தடவை கீழே விழுந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

பிறகு ஷாக் அப்சார்பர்களை மாற்றினான், முதுகு நிமிர்ந்தது. கால் வைக்கும் கட்டைகளை மாற்றினான், முழங்கால்கள் சத்தம் போடுவதை நிறுத்தின. சைலன்சரை மாற்றினான், காதுக்குள் பதினைந்து வருடமாக இரைந்துகொண்டிருந்த ஒன்று அடங்கியது. டேங்க், செயின், இரண்டு சக்கரங்கள், முன்விளக்கு என்று ஞாயிற்றுக்கு ஞாயிறு ஒவ்வொன்றாகக் கழன்று சாக்குக்குள் போனது. அக்டோபரில் கடைசியாக சீட்டை மாற்றினான். பழைய சீட் நடுவில் அவன் உருவத்துக்குக் குழிந்து, ஓரத்தில் நுரை பிதுங்கி இருந்தது. அதைச் சாக்கில் திணித்த மறுநாள் துலியோ மாத்தெயோவிடம் களைப்பு என்ற ஒன்றே இல்லை. விடியலில் முதல் ஆளாக ஸ்டாண்டுக்குப் போய் கடைசி ஆளாகத் திரும்பினான். திரும்பியும் உட்காரவில்லை. தன் வீட்டுத் தகரக் கூரையைச் சரிசெய்தான், பக்கத்து வீட்டு வேலிக்குச் சாயம் அடித்தான், எதிர்வீட்டார் கேட்காமலே அவர்கள் சாக்கடையைத் தூர்வாரினான். முதலில் எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு எங்கள் வீட்டுப் பெண்கள் அவனைக் காட்டி எங்களைப் பேச ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றது. தூக்கமும் அவனுக்குப் போய்விட்டது. சும்மா கண்ணை மூடிப் படுத்திருப்பான். சாப்பாட்டிலும் பழைய ருசி இல்லை, நாள் முழுக்க அலைந்துவிட்டு வந்து உட்காருகிறவனுக்குத்தானே அடிப்பிடித்த சோறு ருசிக்கும்.

நூரிஸோ சரிந்துகொண்டே வந்தாள். நின்றபடி தூங்கினாள். ஒரு சனிக்கிழமை கையில் ஹேர் டிரையரோடு கண் அயர்ந்து, தலை முடிக்க வந்த எமெலிந்தாவின் காதைச் சுட்டுவிட்டாள். பதினோரு தலை ஏழானது, ஏழு மூன்றானது. பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், தைராய்டு பார்த்தார்கள், சத்து மாத்திரை எழுதினார்கள். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, நன்றாக ஓய்வெடுங்கள் என்றார் டாக்டர். அப்போது அவள் ஒரு நாளைக்குப் பதினாலு மணி நேரம் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு மேல எடுத்தா பொதைச்சிருவாங்க டாக்டர்" என்றாள்.

அவளைக் குழப்பியது தூக்கம்கூட இல்லை, வலி வந்த இடம்தான். காதுப் புண் ஆறியபின் வந்த எமெலிந்தாவிடம் அதைச் சொன்னாள்.

"நான் பொழுதுக்கும் நின்னுக்கிட்டு வேலை செய்யறவ. எனக்கு வலிச்சா காலுதான வலிக்கணும்? பின்பக்கம் வலிக்குது எமெலிந்தா. உக்காந்து உக்காந்து தேஞ்சவ மாதிரி. என் ஜென்மத்துல நான் எங்கடி அவ்வளவு நேரம் உக்காந்தேன்?"

"வேற எவனோ உக்காந்தது உனக்கு வலிக்குதோ என்னமோ" என்று எமெலிந்தா சிரித்தாள். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். பிறகு நூரிஸ் சிரித்த வாக்கிலேயே தூங்கிவிட்டாள். ஸ்டாண்டிலும் இதே பேச்சுதான். ஒன்பதாம் எண்காரன் சாகோ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான். "டேய் துலியோ, அவ படுக்கப் படுக்க நீ எந்திரிக்கிறியே, வீட்டுல ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே பேட்டரியா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். துலியோ சிரிக்கவில்லை.

ஏனென்றால் அதற்கு முந்தைய நாள்தான் அவனுக்குத் தெரிந்திருந்தது. முடி சுருட்டும் உருளை ஒன்று கட்டிலடியில் ஓடிவிட, எடுத்துத் தரச்சொல்லி நூரிஸ் கேட்டாள். கையை விட்டுத் துழாவியவன் சாக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பழைய ஹேண்டில்பாரைத் தொட்டான். அந்த நொடியே மணிக்கட்டில் பழைய வலி வந்து உட்கார்ந்துகொண்டது. கையை எடுத்தான், போய்விட்டது. மறுபடி தொட்டான், வந்தது. உருளையை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு, சாக்குகளின் வாயை இறுக்கக் கட்டி, மேலே ஒரு போர்வையைப் போர்த்தினான். அவ்வளவுதான் செய்தான். பத்தொன்பது நாள் அவன் யாரிடமும் வாய் திறக்கவில்லை. வலியில்லாத உடம்பை அவன் வாழ்க்கையில் அப்போதுதான் பார்த்திருந்தான், அதைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. கட்டிய கயிறு தாங்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நாங்கள் பலதை மன்னிக்கிறவர்கள். அந்தப் பத்தொன்பது நாளை இன்னும் மன்னிக்கவில்லை.

அந்த நாட்களில்தான் பக்கத்து நகரமான பானியில் நூரிஸின் அக்கா திக்னோராவின் மாமியார் இறந்துபோனாள். ஒன்பது நாள் பிரார்த்தனைக்கு நூரிஸ் போயாக வேண்டும். வழியில் தூங்கி விழுந்துவிடாதபடி துலியோ ஒரு படுக்கை விரிப்பால் அவளைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டான். பாதி வழியில் அவள் முடிச்சைத் தானே அவிழ்த்தாள். முக்கால் வழியில் பாட ஆரம்பித்தாள். பானியில் அவள் ஒன்பது நாளும் நாற்பது பேருக்குச் சமைத்தாள், துக்கத்துக்கு வந்த பெண்களில் ஆறு பேருக்குத் தலை அலங்காரமும் செய்தாள். செத்தவளுக்கே பொறாமை வந்திருக்கும் என்று திக்னோரா சொன்னாள். பத்தாம் நாள் வீடு திரும்பி, பையை வைத்துவிட்டுச் சற்றே படுத்தாள். ஒரு கை கட்டிலிலிருந்து தொங்கியது. போர்வைக்குள் நுழைந்த விரல்கள் எதையோ தொட்டன. சுண்டுவிரலில் தொடங்கி, உள்ளங்கையைக் குறுக்காகக் கடந்து, மணிக்கட்டின் எலும்பு முனையில் போய் நின்றது ஒரு வலி. அவளுக்கு அது அந்நிய வலி இல்லை. இருபது வருடம் தைலம் தேய்த்த வலி அது, எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று வழி தெரிந்த வலி.

துலியோ உள்ளே வந்தபோது அவள் உட்காரக்கூட முடியாமல் கிடந்தாள்.

"யோவ். இந்தச் சாக்குல இருக்கறது உன்னோடதுதான?"

"என்னோடதுதான்."

"உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"எத்தன நாளா?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "பத்தொம்பது" என்றான். பிறகு, "மொத்தமா ஒரே நாள்ல திரும்பி வந்தா நான் தாங்குவேனா நூரிஸ்? இருபத்து மூணு வருசம்" என்றான்.

"நான் தாங்கலையா?"

அவள் வாயைத் திறந்தாள். பேட்டையே காது கொடுக்கும்படி ஒரு சண்டை அங்கே வந்திருக்க வேண்டும். வரவில்லை. "சண்டை போடணும்தான்" என்றாள் நூரிஸ், கண்கள் மூடிக்கொண்டே போக. "நாக்கு எந்திரிக்க மாட்டேங்குது. நாளைக்குப் போடறேன்."

அவள் கத்தியிருந்தால் அவன் தாங்கியிருப்பான். இதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. அப்போதும் அவன் அந்த வலியைத் தன் உடம்பில் திருப்பி ஏற்றிக்கொள்ளவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். வேறு வழி தேடினான். மறுநாள் சனிக்கிழமை காலை ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்த பழைய இரும்புக்காரனை நிறுத்தி, சாக்குகளைக் கொடுத்தான். எண்பத்து மூன்று பவுண்டு என்று நிறுத்தது அப்போதுதான். இரும்புக்காரன் காரணம் கேட்கவில்லை, லாரியில் எறிந்துவிட்டுக் கிளம்பினான். பழைய இரும்பு, பழைய பேட்டரி, பழைய ஃபிரிட்ஜ் என்று பதிவு செய்த குரல் கூவிக்கொண்டு போனது. இரண்டாவது தெருவில் அந்தக் குரல் இழுத்தது. மூன்றாவது தெருவில் கொட்டாவி விட்டது. தேவாலயத்துக்குப் பக்கத்தில் நின்றேவிட்டது. நூரிஸ் இங்கே எழுந்து, முகம் கழுவி, வந்திருந்த பெண்களைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு தலை இருக்கு. சண்டை ஞாயித்துக்கிழமை" என்று அவனிடம் சொன்னாள். ஒன்பது தலை முடித்தாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இரும்புக்காரனின் தாய் இரண்டு ஆட்களோடு வந்து, சாக்குகளை வாசலில் போட்டாள்.

"எம் புள்ள நேத்துலேருந்து ஸ்டீயரிங்குல தலைய வெச்சுத் தூங்கறான். யார் வீட்டுச் சாமானோ அவங்க வீட்டுலயே இருக்கட்டும்!" என்றாள். பிறகு வாசற்படியிலேயே கொஞ்சநேரம் தூங்கிவிட்டுப் போனாள்.

அதன்பின் துலியோ சாக்குகளைக் கொல்லையில் வைத்துப் பார்த்தான். எலுமிச்சை மரம் ஒரே நாளில் இலை உதிர்த்தது, பக்கத்து வீட்டுக் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தின, கோழிக்காரன் சாக்குகளைச் சுவர் ஓரமாகத் தள்ளினான். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் நூரிஸின் தலைமாடு. திங்கட்கிழமை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனான். எங்கள் ஆற்றில் ஓடுகிற தண்ணீரே கொஞ்சம், அதுவும் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று துணி துவைத்த பெண்கள் விரட்டினார்கள், சாக்குகள் மறுபடி வீட்டுக்கே வந்தன. செவ்வாய்க்கிழமை நூரிஸ் கண் விழிக்கவில்லை. புதன்கிழமையும் விழிக்கவில்லை. துலியோ அவள் மூக்கருகே கையை வைத்துப் பார்த்தான். மூச்சு இருந்தது, ஆனால் ஒன்று போய் அடுத்தது வருவதற்குள் அவன் மூன்று தடவை அவள் பெயரைச் சொல்ல முடிந்தது. நான்காவது தடவை சொல்ல வேண்டிவந்தபோது அவன் எழுந்து போய்ப் பெட்டியிலிருந்து ஸ்பேனர்களை எடுத்தான்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு முன்னறையில் பழைய துணியை விரித்தான். நாற்காலிகளை ஓரம் தள்ளினான். விஷயம் கேள்விப்பட்டு ஸ்டாண்டிலிருந்து எல்லாரும் வந்துவிட்டார்கள். அன்று காலை எல் தமரிந்தோவில் எல்லாரும் நடந்துதான் போனார்கள். சாகோ உதவி செய்யப் போய் ஒரு கால்கட்டையைத் தூக்கினான், தூக்கியபடியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"வெச்சுடுறா. அது உன்னோடது இல்ல" என்றான் துலியோ.

மாட்டிய வரிசையிலேயே ஒவ்வொன்றாகக் கழற்றிப் பழையதைப் போட்டான். ஹேண்டில்பார் ஏறியதும் மணிக்கட்டு வலி வந்தது. ஷாக் அப்சார்பரோடு முதுகு வந்தது. முதல் முழங்காலுக்கு அவன் அம்மாவைக் கூப்பிட்டான், இரண்டாவதுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டான். சைலன்சர் மாட்டியதும் நாங்கள் பேசுவது அவனுக்குச் சரியாகக் கேட்கவில்லை. பத்து மணிக்குக் கரண்ட் போனது, இரண்டு மணிக்கு வந்தது. கரண்ட் வந்தால் சந்தோஷத்தில் தெருவே கத்தும், அன்று ஒருவரும் கத்தவில்லை. நாலு மணிக்கு சீட் மட்டும்தான் பாக்கி. அதற்குள் அவன் முகம் சாம்பல் பூத்து, பத்து வயது கூடியவன் போல இருந்தான். சீட்டைத் தூக்கி வைத்துவிட்டான். பின்பக்கத்து இரண்டு நட்டுகளை முடுக்கக் கை எழவில்லை. ஒரு கையை மறு கையால் தூக்கிப் பார்த்தான். முடியவில்லை.

அப்போது நூரிஸ் உள்ளறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தலை கலைந்து, கன்னத்தில் தலையணைத் தடத்தோடு. அவள் வந்து அவன் கையிலிருந்த பத்தாம் நம்பர் ஸ்பேனரை வாங்கி, அந்த இரண்டு நட்டுகளையும் முடுக்கினாள். முடுக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றாள்.

"இது எம் பங்கு" என்றாள். "இருபது வருசம் பின்னாடி நானும்தான உக்காந்து வந்தேன்."

பிறகு திரும்பி, மூச்சை நன்றாக இழுத்து, வெள்ளிக்கிழமையிலிருந்து பாக்கி வைத்திருந்த சண்டையைத் தொடங்கினாள். ஆனால் துலியோ வண்டிச் சக்கரத்தில் சாய்ந்தபடி தூங்கிவிட்டிருந்தான். அவள் நிறுத்தவில்லை. ரேடியோக்களைக் குறைத்துவிட்டு எல்லா வீட்டாரும் கேட்டார்கள். பத்தொன்பது நாளையும் நாள்வாரியாகச் சொன்னாள். தண்ணீர் கேன்களைச் சொன்னாள். எமெலிந்தாவின் காதைச் சொன்னாள். முக்கால் மணி நேரம் ஆனது, நடுவில் ஒரு தடவைகூட அவள் உட்காரவில்லை. முடிந்ததும் சாகோவிடமும் இன்னும் இருவரிடமும் அவனைக் கட்டிலில் தூக்கிப் போடச்சொன்னாள். அவன் படுக்கும் பக்கத்தில்.

நாலு நாள் தூங்கினான். திங்கட்கிழமை மத்தியானம் கதவைப் பிடித்துக்கொண்டு முன்னறைக்கு வந்தான். நூரிஸ் எமெலிந்தாவின் தலைக்கு உருளை சுற்றிக்கொண்டிருந்தாள். அடுப்பில் சோறு அடிப்பிடிக்கும் வாசம் வந்துகொண்டிருந்தது.

"அப்பாடா" என்றான் துலியோ. "செத்துப் போன மாதிரி களைப்பா இருக்குடி."

பதினோரு மாதத்துக்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்கிறாள். சட்டென்று கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. அதைக் காட்டிக்கொள்ளாமல் காலால் ஒரு நாற்காலியை அவன் பக்கம் தள்ளினாள்.

"தெரியும். உக்காரு. நீ தூங்கறப்ப கொஞ்சம் பேசினேன், உனக்குக் கேட்டிருக்காது. திரும்பச் சொல்லணும்."

"மொதல்லேருந்து சொல்லு நூரிஸ்" என்றாள் எமெலிந்தா. "அன்னைக்கு எனக்கும் பாதிதான் கேட்டுச்சு, காது இன்னும் சரியாகல."

அவன் உட்கார்ந்தான். ஒவ்வொரு வலியும் அதனதன் இடத்தில் இருந்தது. முதலிலிருந்து கடைசிவரை கேட்டான். நடுவில் அவன் வலது கையை நூரிஸ் தன் பக்கம் இழுத்துவைத்துத் தைலத்தைத் திறந்தாள், திட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.

பளபளத்த புதுச் சாமான்களை அவன் விற்கவில்லை. அவை சாக்கில், கட்டிலடியில், துலியோ படுக்கும் பக்கத்தில் கிடக்கின்றன. அவற்றால் யாருக்கும் ஒரு உபத்திரவமும் இல்லை. எல் தமரிந்தோவில் வண்டிக்கு யார் எதை மாற்றினாலும் கழற்றியதை இப்போது தாங்கள் படுக்கும் பக்கத்துக் கட்டிலடியில்தான் வைக்கிறார்கள். தண்ணீர் கேன்கள் எல்லா வீட்டிலும் சமையலறைக்கு வந்துவிட்டன. போக வர காலில் இடிக்கின்றன, பழகிக்கொண்டோம்.